வெறும் முக்காலிக்குக் கொடுத்த வேலை

அந்தப் பக்கத்தில் ஷட்டர் என்றால் ஷட்டர்காரர்தான். நாலாங்கிளாஸைத் தாண்டாதவர், ஆனால் கடைத்தெருவில் ஏறி இறங்கும் இரும்புக் கதவு அத்தனையும் அவர் கை பட்டது. திறக்கிறவனும் தன்னைத்தான் கூப்பிடுகிறான், மூடுகிறவனும் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

மூடும்போது அவருக்கு ஒரு பழக்கம். எல்லாரும் வெளியே வந்தாச்சா என்று உள்ளே குரல் கொடுப்பார். யாராவது வந்தாச்சு என்ற பிறகுதான் ஷட்டரை இறக்குவார். பிஸ்கட் கம்பெனி மூடிய அன்று மட்டும் பதில் சொல்ல ஆளில்லை. வேலை போனவர்கள் அழுதபடி கலைந்துவிட்டார்கள். இவர் இறக்கிப் பூட்டிவிட்டார்.

அதன்பின் அந்த இடத்தில் எதுவும் நிலைக்கவில்லை. செருப்புக் கடை வந்தது, போனது. மருந்து குடோன் வந்தது, போனது. உள்ளே கணக்குக்கு மேல் ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இருக்கிறதாம்.

இப்போது அங்கே தையல் யூனிட் போட்டிருப்பவள் அவருடைய மருமகள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வேலை கொடுத்திருந்தாள். இது படுத்துவிட்டால் மகனும் அவளும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போய்விடுவார்கள். அப்புறம் வீட்டில் அவரும் சுவரும்தான்.

மாதம் முடிவதற்குள் பெண்கள் முணுமுணுத்தார்கள். டீ ஊற்றினால் ஒரு கிளாஸ் குறைகிறது. வெட்டிப்போட்ட துணி தானாக மடிந்து கிடக்கிறது. இனி வர மாட்டோம் என்றுவிட்டார்கள்.

மருமகள் மாமனாரைக் கூட்டிவந்து, யாரும் உட்காராத முக்காலியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அப்போதுதான் ஆள் எழுந்துபோன சூடு. அவர் பயத்தை முகத்தில் காட்டாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"யாரையாவது வெச்சு விரட்டலாமா மாமா?"

"எதுக்கும்மா? பிஸ்கட் கம்பெனி வேலை போச்சுன்னு அதுகிட்ட யாரும் சொல்லல. தினம் வந்து, செய்ய ஒண்ணுமில்லாம சுத்துது. சும்மா இருக்கிற ஆளுதான் தொந்தரவு பண்ணும். உன் புருஷனையே பாரு." சிரிக்காமல் சொன்னார். "வேலைக்குச் சேத்துக்க."

சாயங்காலம் ஒரு மெஷினில் நூல் கோர்த்து, தலையணை உறைத் துணியை அடுக்கினார்கள். இது பிஸ்கட் கம்பெனி இல்லை, தையல். தெரியாவிட்டால் பக்கத்து மெஷினைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று வெறும் முக்காலியிடம் கறாராகச் சொன்னார்.

காலையில் உறைகள் தைத்துக் கிடந்தன. கோணல் தையல், புதுக் கை. வாசலில் தயங்கிய பெண்களில் ஒருத்தி உள்ளே போய்த் தையலைப் பிரித்து, எப்படித் தைப்பதென்று காட்டினாள், யாருக்கென்று தெரியாமலே. போகப்போகத் தையல் நேரானது. டீயும் ஒரு கிளாஸ் கூடுதலாக ஊற்றினார்கள். மகன் பட்டணப் பேச்சை விட்டான்.

ஷட்டர்காரர் அதோடு நின்றிருக்கலாம். இந்தத் தெருவில் தன்னை மாதிரி வேலை போட்டுக்கொடுத்தவன் எவன் என்று, மூடிக்கிடந்த கடைகளின் முன்னால் நின்று பீற்றினார்.

மறுநாள் காலை மருமகள் மூச்சிரைக்க வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எல்லா முக்காலியும் சூடு. வாசற்படியும் சூடு.

அவர் போய்ப் பார்த்தார். பூட்டிய கடைகளின் ஷட்டர்கள், பூட்டுப் பூட்டியபடியே, சாண் அளவு தூக்கியிருந்தன. யூனிட் வாசலில் யாருமில்லை. ஆனாலும் தோளைச் சாய்த்து இடித்துக்கொண்டுதான் படியேற முடிந்தது.

"மூடிட்டுப் பட்டணத்துக்கே போயிடறோம் மாமா."

"மூடினா இதுங்களும் உன் பின்னாடியே வரும்மா. வேலை குடுத்தவ நீதானே."

அது நிஜமா, அப்போதைக்கு அவராகக் கட்டிச் சொன்னதா, அவருக்கே தெரியவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பி, வரிசையில் நிற்கச் சொன்னார். காற்றே இல்லாத தெருவில் புழுதி மெல்ல நகர்ந்து, கடைசிக் கடை வரைக்கும் ஒரு கோடாகப் படிந்தது.