அண்ணன் கையெழுத்திட்ட மலை

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. தமக்கு இப்படியொரு மலர் அச்சாகிறது என்று தெரிந்தால், "வேற வேலை இல்லியா உனக்கு?" என்று என்னை ஒரு பிடி பிடித்திருப்பார். தம்மைப் பற்றி அவர் யாரையும் பேசவிட்டதில்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மீதியை நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். எங்கள் அப்பா மிளகுக் கிடங்கில் மூட்டை தைத்தவர். அவர் காலமானபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஏழு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பக்கத்துச் சந்தில் இருந்த தம் சிநேகிதர் சண்முகத்தையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். இருவருக்கும் ஒரே படைப்பிரிவு கிடைத்தது. அம்மாவையும் என்னையும் கரையேற்றியது அந்த வேலைதான்.

எழுபத்தொன்றில் போர் வந்தது. வடக்கே பனிமலையில், வரைபடத்தில் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டிருந்த ஒரு மலையை ஆறு பேர் காத்தார்கள். உயிரோடு திரும்பியவர் அண்ணன் ஒருவர்தான். அவருக்கும் இடது காலில் மூன்று விரல்களைப் பனி தின்றுவிட்டது. நான்கு பேரின் உடல்கள் கிடைத்தன. சண்முகத்தைக் காணவில்லை என்று எழுதினார்கள்.

அண்ணன் வீடு வந்த அன்று, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சண்முகத்தின் மனைவி தங்கம் அக்கா ஓடி வந்தார். அவருக்கு அப்போது நிறைமாதம்.

"அண்ணே, அவரைப் பாத்தீங்களா? என்ன ஆச்சு?"

"நான் பாக்கலை தங்கம். குழப்பத்துல பிரிஞ்சு போயிட்டோம். அவங்க பிடிச்சிட்டுப் போயிருப்பாங்க. வருவான்."

அக்கா நம்பினார். நானும் நம்பினேன். பெண் குழந்தை பிறந்தது. அக்கா சுக்குக் கிடங்கில் வேலைக்குப் போனார். மாதந்தோறும் கணவரின் நட்சத்திரத்தன்று கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்து, பிரசாதத்தை நேரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். உயிரோடு இருப்பவருக்குத்தானே அர்ச்சனை? அண்ணன் அந்தக் குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வார். அக்கா படியிறங்கியதும் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவுவார். அன்று முழுக்க யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவார். நான் அதை வெறும் முன்கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அண்ணன் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வாயிற்காவலரானார். விந்தும் காலோடு தினமும் படகு பிடித்து, பஸ் பிடித்துப் போவார். என்னைப் படிக்கவைத்து டீச்சராக்கினார். அவருடைய கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு சாயாக் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

எண்பதில் படைப்பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த மலைக்கு அங்கே போரிட்ட வீரர்களின் நினைவாகப் பெயர் சூட்டப் போகிறார்கள். உச்சியில் ஒரு கல் நட்டு, உயிர் கொடுத்தவர்களின் பெயர்களைப் பொறிப்பார்கள். காணாமல் போனவர் என்று பதிவாகியிருக்கும் சண்முகத்தின் பெயரை எப்படிச் சேர்ப்பது? திரும்பி வந்த ஒரே வீரர் என்ற முறையில், தமக்குத் தெரிந்ததை அண்ணன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதினைந்து நாள் அவகாசம்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். பதினான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டதும் சொன்னார்.

"சண்முகம் என் மடியிலதான் போனான். பனியைத் தள்ளி மூடிட்டு வந்தேன். அப்புறம் மலைச் சரிவே இடிஞ்சு விழுந்துடுச்சு. நான் ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தப்போ, அவனைக் காணலைன்னு எழுதிட்டாங்க. நிறைமாசமா வந்து நின்னவகிட்ட அதை எப்படிச் சொல்ல?"

 அதற்கு நான் சொன்னது இதுதான்: "இனிமே எதுக்கு அண்ணே? தெரியாதுன்னே எழுதிடலாம்." சொன்னதோடு நிற்கவில்லை. நானே ஒரு தாள் எடுத்து, சண்முகம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று ஆங்கிலத்தில் எழுதி அவர் முன் வைத்தேன். டீச்சர் அல்லவா, பிழையில்லாமல் எழுதினேன். அண்ணன் பேனாவைத் திறந்து பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கையெழுத்திட்டால் சிநேகிதருக்கு அந்த மலையிலும் இடமில்லை. உண்மையை எழுதினால் அக்காவின் பொட்டை அழிக்க வேண்டும்.

அப்போது தங்கம் அக்கா வந்தார். அன்று சண்முகத்தின் நட்சத்திரம். இலையில் குங்குமமும் பூவும் இருந்தன.

"எடுத்துக்கோங்க அண்ணே."

அண்ணன் கை நீட்டவில்லை. எழுந்து நின்றார்.

"வேண்டாம் தங்கம். இனி அவன் பேருக்கு அர்ச்சனை வேண்டாம்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தார். மலையில் நடந்தது, படைப்பிரிவின் கடிதம், எதுவும் தெரியாது என்று எழுதியிருந்த அந்தத் தாள், அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார்; தாளை எழுதியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நடுவில் நான் ஏதோ பேச வந்தபோது அக்கா கையைக் காட்டித் தடுத்தார்.

"கடைசியா என்ன கேட்டாரு?"

"தண்ணி. பனிக்கட்டியை என் வாயில வெச்சு உருக்கிக் கொடுத்தேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல்லே?"

"நீ இருந்த நிலைமை…"

"கொச்சு பொறந்து எட்டு வயசாச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளுகூடவா கிட்டல்லே, அண்ணே?"

 அக்கா அழவில்லை. இலையை மேசைமேல் வைத்தார்.

"எழுதிக் கொடுங்க. அந்த மலையிலயாவது அவர் பேரு இருக்கட்டும். இனி எங்க வீட்டு வாசல் பக்கம் யாரும் வராதீங்க."

நான் எழுதிய தாளை அண்ணன் கிழித்தார். தமக்குத் தெரிந்த பட்டாள இந்தியில் உண்மையைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கல்லின் புகைப்படம் வந்தது. ஐந்து பெயர்கள் இருந்தன. சண்முகத்தின் பெயர் கடைசியில் இருந்தது. தபால்காரர் அக்கா வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகு அக்கா எங்களோடு பேசவில்லை. படகுத்துறையில் எதிர்ப்பட்டால் அண்ணன் ஒதுங்கி நின்று, அக்கா ஏறிய படகை விட்டுவிட்டு அடுத்த படகில் போவார். அதனால் வேலைக்குத் தாமதமாகி, ஏச்சும் வாங்கியிருக்கிறார். மாரடைப்பில் படுத்த கடைசி வாரத்திலும், "தங்கம் வந்தாளா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நெஞ்சு வெந்தது. ஆனால் இந்த முறை பொய் சொல்லவில்லை.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய தொழிற்சாலைத் தோழர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தங்கம் அக்கா, அண்ணனைக் கிடத்தியிருந்தபோது நீங்கள் வந்தீர்கள். அவர் காலடியில் நின்று, "இவர் பொய் சொன்ன எட்டு வருஷமும் நான் சுமங்கலியா இருந்தேன். இவரைத் திட்டவா, கும்பிடவா, எனக்கே தெரியல்லே" என்றீர்கள். நீங்கள் வந்ததற்கு நன்றி. ஆனால் அன்று மேசைமேல் கிடந்த அந்தத் தாளை எழுதியது அண்ணன் என்றுதான் நீங்கள் இத்தனை நாளும் நினைத்திருப்பீர்கள். அது என் கையெழுத்து, அக்கா. அண்ணன் கிழிக்காமல் இருந்திருந்தால் நான் அதைத் தபாலில் சேர்த்திருப்பேன். இந்த மலரின் முதல் பிரதியை உங்களிடம் கொடுக்க நானே வருகிறேன். வாசலில் நிற்பேன். கதவைத் திறப்பது உங்கள் இஷ்டம்.