இலவச எண்ணுக்கு வந்த பில்

பரஞ்சோதியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் வீட்டில் கேட்டார்கள். ஒன்றுமில்லைதான். எழுபது வயது. கெடா மாநிலத்துச் செமிலிங்கில் மகள் வீட்டில் இருக்கிறான். ஒரு சைக்கிள், இரண்டு கைலி, ஒரு மூக்குக்கண்ணாடி, அதற்கும் ஒரு பக்கம் நூல் கட்டியிருக்கும். எழுதுவதென்றால் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சைக்கிளில் கருவாடு விற்று, இன்று இதே ஊரில் சொந்தக் கட்டடத்தில் மளிகைக் கடையும் இரண்டு லாரியும் வைத்திருக்கிறேன். அழகேசன் கடை என்றால் மெர்போக் வரைக்கும் தெரியும். தெரிந்ததையே திரும்ப எழுதுவானேன்? பரஞ்சோதியைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

இருவரும் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். அவனுக்குப் பதினேழு வயதில் இருவரும் மரம் வெட்டினோம், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தோம். மத்தியானம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் கணக்குப் பார்க்கிற கிராணி எடை போட்டு எழுதுவார். எல்லாருக்கும் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுவார். அது எல்லாருக்கும் தெரியும். பேசாமல் வந்துவிடுவோம். பரஞ்சோதி மட்டும் நகர மாட்டான்.

"ஐயா, முள்ளு இன்னும் நிக்கலையே."

"நீ வந்து கிராணியா ஒக்காருடா. நான் போயி மரம் வெட்டுறேன்," என்பார் அவர்.

மறுவாரமே அவனுக்கு மலைமேட்டில் கிழட்டு மரங்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். அவனோ மானேஜருக்கு மனு எழுதுவான். மனுவுக்குப் பதில் வராது. பதில் வரவில்லை என்று இன்னொரு மனு எழுதுவான். இப்படியே முப்பத்தெட்டு வருஷம்! அவன் மனு எழுதிய நேரத்துக்கு நான் சைக்கிள் மிதித்தேன். யார் எங்கே வந்து சேர்ந்தோம் என்பதைக் கடைத்தெருவில் நின்று பார்த்தாலே தெரியும்.

தோட்டம் கைமாறி, லயத்தை இடித்த பிறகு அவன் மகள் தேவகியோடு தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தான். சும்மா இருக்கும் மனிதனுக்கு ஒரு நாள் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாய்த்தது. உள்ளே பாதி தூள். பாக்கெட்டின் பின்னால் ஓர் இலவச எண் இருந்தது. வீட்டு டெலிபோனில் கூப்பிட்டான். யாரோ ஒரு பெண் எடுத்து, அவனை "சார்" என்று கூப்பிட்டு, அவன் சொன்னதை முழுக்க எழுதிக்கொண்டு, அதற்கு ஒரு நம்பரும் கொடுத்தாளாம். பத்து நாளில் ஒரு பெட்டி பிஸ்கட் வந்து இறங்கியது.

அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. பிஸ்கட் மேல் அல்ல. அவனுக்குச் சர்க்கரை வியாதி, பெட்டியை உடைத்து அக்கம் பக்கத்துக்குக் கொடுத்துவிட்டான். அந்த எண் மேல்தான் பைத்தியம்.

நுரைக்காத சவர்க்காரத் தூள், மூடி திறக்காத எண்ணெய்ப் போத்தல், மூன்று மாதத்தில் சுற்றாமல் நின்ற காற்றாடி, எது கிடைத்தாலும் அவன் முதலில் பார்ப்பது பின்பக்கத்து எண்ணைத்தான். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, என்ன புகார், யார் எடுத்தார்கள், என்ன நம்பர் என்று எழுதி வைப்பான். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள், எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் உடைந்ததையும் ஓட்டையானதையும் தூக்கிக்கொண்டு அவன் வாசலில் நின்றார்கள். ஒருவரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. ஆறு மாதத்தில் பெரிய வக்கீல் மாதிரி நடை மாறிவிட்டது.

"அண்ணே, ஒங்க கடையில வாங்கின ரைஸ் குக்கர்தான். மாத்தித் தர்றேன்னுட்டான்," என்று என்னிடமே வந்து சொல்வான்.

"நீ ஒக்காந்து பேசின நேரத்துக்கு ரெண்டு குக்கர் சம்பாரிச்சிருக்கலாம்டா," என்பேன்.

"குக்கரு யாருக்கு வேணும்ணே? தப்புன்னு ஒத்துக்கிட்டான் பாருங்க."

இதையெல்லாம் ஒரு பிழைப்பென்று சொல்ல முடியுமா?

இதற்கிடையில் தாமானில் செம்புக் கம்பியை மூன்றாவது தடவையாகத் திருடிக்கொண்டு போனார்கள். வீட்டு டெலிபோன்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. மருமகன் சத்தியசீலன் சுங்கைப்பட்டாணியில் பேக்டரி வேலை பார்க்கிறவன். நல்ல பையன்தான், ஆனால் எதையும் படித்துப் பார்க்க மாட்டான். தன் பெயரில் இன்னொரு ஹேண்ட்போன் லைன் எடுத்து மாமனாருக்குக் கொடுத்தான். மாதக் கட்டணம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், காசு பேங்க்கிலிருந்து தானாகப் போய்விடும். பரஞ்சோதி கணக்குப் போட்டான்: எண்ணும் இலவசம், பேச்சுக்கும் அளவில்லை. இரட்டை இலவசம்! காலையிலிருந்து காதில் போனை ஒட்டிக்கொண்டு திரிந்தான்.

மூன்று மாதம் கழித்துத்தான் சத்தியசீலன் பேங்க் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து நான் அங்கே சமையல் காஸ் தோம்பு கொண்டுபோயிருந்தேன். டிரைவர் லீவு. எழுபத்து நான்கு வயதில் காஸ் தூக்குகிறவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

"மாமா, யாருக்கு இத்தன கால் போட்டீங்க?"

"எல்லாம் ஃப்ரீ நம்பர்தான் மாப்பிள."

"ஃப்ரீன்னா நானூத்திப் பதினேழு வெள்ளி எப்பிடி மாமா வரும்?"

"மெல்லப் பேசுங்கலா," என்றாள் தேவகி. "எங்கப்பா என்ன சூதாடவா போனாரு?"

"சூதாடியிருந்தா ஒரு தடவையாவது ஜெயிச்சிருப்பாரு, தேவகி. இங்க பாரு, கம்பெனிக்காரன் போட்டிருக்கான். ஸ்பெஷல் நம்பருக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு தனியாக் காசு. வீட்டு லைன்லேர்ந்து போட்டாத்தான் ஃப்ரீயாம்."

நான் காஸை இறக்கி வைத்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தேன். சும்மா சொல்லக்கூடாது, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பரஞ்சோதி சிரிக்கவில்லை. உள்ளே போய் பிஸ்கட் பாக்கெட்டையும் சவர்க்காரத் தூள் பாக்கெட்டையும் எடுத்து வந்தான். நூல் கட்டின கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிஸ்கட் பாக்கெட்டில் எண்ணுக்குக் கீழே எறும்பு படிக்கிற அளவுக்கு ஒரு வரி இருந்தது: வீட்டுத் தொலைபேசியிலிருந்து மட்டும். சவர்க்காரத் தூளில் அந்த எறும்பும் இல்லை. இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டதோடு சரி.

"இதுல போடலையே மாப்பிள," என்றான்.

"அதுக்கு நான் என்ன பண்றது மாமா?"

"இந்த மாசம் முடியறதுக்குள்ள, தப்பு எங்களுதுன்னு அவன் வாயால சொல்ல வச்சி, இந்தப் பணத்தத் திருப்பி வாங்குறேன். வாங்கலன்னா, இந்தப் போன ஒங்க கையில குடுத்துர்றேன். அப்புறம் எந்தக் கம்பெனிக்கும் நான் போன் பண்ண மாட்டேன்."

"போன் பண்ணாம நீ உயிரோட இருப்பியாடா?" என்று கேட்டேன். அவன் பாக்கெட்டுகளை நோட்டோடு சேர்த்து எடுத்துவைத்தான். வாக்குக் கொடுத்துவிட்டான், இனி பின்வாங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். மலைமேட்டு மரத்தை வருஷக்கணக்காக வெட்டினவன்.

முதல் காரியமாக என்ன செய்தான் தெரியுமா? அதே ஹேண்ட்போனில் அந்த ஹேண்ட்போன் கம்பெனியின் புகார் எண்ணையே கூப்பிட்டான். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள், பிறகு அதுவே கட்டாகிவிட்டது. சாயங்காலம் சத்தியசீலன் பார்த்தால் அதற்கும் காசு! உதை வாங்கினவன் உதைத்தவனிடமே போய் விலை கொடுத்து மருந்து வாங்கின கதை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கடையில் வந்து நின்றான். என் மேசையில் வீட்டு லைன் டெலிபோன் இன்னும் இருக்கிறது. கடைத்தெருவில் எல்லாரும் கழற்றி எறிந்தபோது நான் எறியவில்லை. அலோர் ஸ்டாரில் இருக்கிற மொத்த வியாபாரிகளுக்கெல்லாம் அந்த எண்தான் மனப்பாடம். சிரித்தவர்களைச் சிரிக்கட்டும் என்று விட்டேன். இப்போது யார் யாரிடம் வந்து நிற்கிறார்கள், பாருங்கள்.

"அண்ணே, ஒரு கால் போட்டுக்கட்டுமா? இதுலேர்ந்து நெசமாவே ஃப்ரீண்ணே."

"மாசாமாசம் நான் வாடக கட்றேன்டா. ஃப்ரீன்னு சொல்றப்பல்லாம் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து எண்ணைச் சுழற்றினான். இரண்டு வாரம் தினமும் வந்தான். தினமும் வேறு ஆள் எடுத்தார்கள், முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். இவனும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னான். கடைசியில் நூருல் ஐன் என்று ஒரு பெண் மாட்டினாள், பாவம். இவன் மலாய் நல்ல மலாய், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். குரலை உயர்த்தவே இல்லை. அவன் சொன்னது தமிழில் இப்படி வரும்:

"அம்மா, நான் உங்களைத் திட்டவில்லை. நீங்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள், நானும் சம்பளத்துக்கு மரம் வெட்டினவன்தான். இந்தப் பாக்கெட்டில் இலவசம் என்று போட்டிருக்கிறது. இலவசம் இல்லை என்று எங்கே போட்டிருக்கிறது? அதை மட்டும் படித்துக் காட்டுங்கள்."

அவள் ஏதோ பதினான்காவது விதி என்று படித்தாள்.

"அப்படியா? நாலு வெள்ளிக்குச் சவர்க்காரத் தூள் வாங்குகிற பொம்பளை, உங்கள் பதினான்காவது விதியைப் படித்துவிட்டுத்தான் துணி துவைக்க வேண்டுமா?"

சாமான் வாங்க வந்தவர்கள் சாமானை மறந்து நின்றார்கள். அந்தப் பெண் "மாஃப், பாக்சிக், மாஃப்," என்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பரஞ்சோதி சொன்னான்: "நீங்கள் எதற்கம்மா மன்னிப்புக் கேட்கிறீர்கள்? கேட்க வேண்டியவன் உங்கள் மேலே இருக்கிறான்."

இருபத்தெட்டாம் தேதி பதில் வந்தது. பில் சரியானது. விதிகளின்படி போடப்பட்டது. இருந்தாலும் நல்லெண்ணத்தின் அடையாளமாக அடுத்த பில்லில் நாற்பது வெள்ளி கழிக்கப்படும். இந்த நாட்டில் கொழுத்துக் கிடக்கிற கம்பெனிகள் எல்லாம் இந்த ஒரு வித்தையைக் கற்றுவைத்திருக்கின்றன: பையில் கையை விட்டு நோட்டை எடுப்பது, சில்லறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்கு நல்லெண்ணம் என்று பெயர் வைப்பது. நான் தராசில் கை வைத்திருந்தால் ஊரே என் கடை வாசலில் காறித் துப்பியிருக்கும். அவர்களுக்கோ பதினான்காவது விதி இருக்கிறது.

"நாப்பதாவது கெடச்சுதே, வாங்கிக்கடா," என்றேன்.

"தப்புன்னு சொல்லலையேண்ணே," என்றான். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான்.

மாதக் கடைசியில் நடந்ததைத் தேவகி என் கடைக்கு வந்து சொன்னாள். அப்பா போனைத் துடைத்து, சார்ஜர் வயரைச் சுற்றி, சத்தியசீலன் முன்னால் வைத்தாராம். அவன் பதறிப்போய், "வுடுங்க மாமா, நீங்களே வச்சிக்கிங்க. கஸ்டமர் கேருக்கு மட்டும் போடாதீங்க," என்றானாம்.

"அப்ப எதுக்கு மாப்பிள போனு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

ஒன்பது நாள் அவன் கடைப்பக்கமே வரவில்லை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார்கள். எனக்கென்ன? ஆனால் பிச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சூடேறாத இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாள்.

"அந்தாளு வாசல்லயே ஒக்காந்திருந்தும் பேச மாட்டேங்குறாரு. நீங்களாவது போன் போட்டுக் கேளுங்கண்ணே, ஒங்ககிட்டதானே வீட்டு லைன் இருக்கு."

"என் கட என்ன புகார் ஆபீசா?" என்று கத்தினேன். அவள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். அன்று மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர். ஒரு குடை, ஒரு டார்ச் லைட்.

நான் இரக்கப்படுகிற ஆள் இல்லை. இரக்கப்பட்டிருந்தால் இரண்டு லாரி வந்திருக்காது. கடைக்குள் குப்பை சேர்ந்தது, அவ்வளவுதான். அவன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே சொன்னேன்:

"டேய், ஹேண்ட்போனத்தான குடுத்த? ஒன் வாயையும் சேத்துக் குடுத்துட்டியா? வந்து இந்தக் குப்பையெல்லாம் எடுத்துத் தொல."

"போன் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டேண்ணே."

"அது மாப்பிளகிட்ட சொன்னது. அவன் காசுல பண்ணாத. எங்கிட்ட நீ ஒண்ணும் சொல்லல."

நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு உள்ளே போய் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தான்.

இப்போது காலை பத்திலிருந்து பதினொன்று வரை வெங்காய மூட்டை அவனுடையது. புகாரோடு வருகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை, ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அது என் மூளை, அவனுடையது அல்ல.

போன வாரம் ஓர் ஐந்து கிலோ அரிசிப் பையோடு வந்தான். முதல்நாள் தேவகி என்னிடம் வாங்கினது. தையல்கூடப் பிரிக்கவில்லை. என்னைக் கேட்காமலே என் தராசில் தூக்கி வைத்தான். குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான்.

"முள்ளு இன்னும் நிக்கல," என்றான். அது நிற்கும் வரைக்கும் காத்திருந்தான். நூற்றைம்பது கிராம் குறைவு.

நான் வாயைத் திறப்பதற்குள் பையைத் திருப்பிப் பின்பக்கத்து எண்ணைப் பார்த்துச் சுழற்றியாகிவிட்டது. என் டெலிபோன், என் தராசு, என் வெங்காய மூட்டை. அரிசி ஆலைக்காரனிடம் மலாயில் நிதானமாக முதலிலிருந்து சொன்னான். நடுவில் நிறுத்தி, போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, வித்த கடையோட லைசென்ஸ் நம்பர் கேக்குறான். என்னண்ணே நம்பரு?"