கணியம்பாடி பம்புசெட்டும் கதவில்லாத குளியலறையும்

ஜெபாவின் விசா விண்ணப்பம் சென்னையில் பெற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. இந்தச் செவ்வாய்க்கிழமை காலை 10.40-க்கு அவரே ரசீதைப் படமெடுத்து அனுப்பினார். அவர் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ தொழிற்சாலையின் அலுவலகத்திலும் ஃபோன் செய்து கேட்டுக்கொண்டேன், ஆமாம் என்றார்கள். தரப் பிரிவில் சூப்பர்வைசரான ஜெபா ஆறு வாரப் பயிற்சிக்கு ஜெர்மனி போக வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் கணியம்பாடியில் ஒருவர் குளித்த குளியலால் அந்தப் பயணமே நின்றுபோக இருந்தது. அன்று நானும் உடன் இருந்தேன். வெளிநாட்டு விருந்தாளியை நம் பக்கம் அழைத்துப் போகிறவர்களுக்கும், இங்கிருந்து அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

குளித்தவர் ஹன்னா. வயது அறுபத்திரண்டு. ஜெர்மனியில் காலணித் தொழில்நுட்பம் சொல்லித்தரும் ஆசிரியை. என் மகன் அங்கே படித்தபோது அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். நான்கு வாரம் ஆம்பூர்த் தொழிற்சாலையில் வகுப்பெடுக்க வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிப் பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். சனிக்கிழமை பிற்பகல் சென்னையிலிருந்து ரயில். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. ஆம்பூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அறை, ஒரு இரவுக்கு 1,450 ரூபாய். வெந்நீர் காலை எட்டு மணி வரைதான் என்று எழுதிப் போட்டிருந்தார்கள், ஏழரைக்கே நின்றுவிட்டது.

ஞாயிறு காலை 8.15-க்கு அன்வர் பாயின் கார் வந்தது. நாள் முழுவதற்கும் பேசிய வாடகை 3,400 ரூபாய், டோல் தனி. முன் இருக்கையில் நான். பின்னால் ஹன்னாவும் ஜெபாவும். ஜெபாவுக்கு முப்பத்து நான்கு வயது. வேலூர்க்காரர். முதல் ஆராதனை முடிந்த கையோடு பஸ் பிடித்து ஆம்பூர் வந்திருந்தார். திரும்பவும் வேலூருக்குத்தானே போகிறோம், அங்கேயே ஏறிக்கொண்டிருக்கலாமே என்றேன். “மேடம் என் விருந்தாளி சார். வழியில ஏறிக்கிறது மரியாத இல்ல” என்றார். பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தவர் ஹன்னா. ஒரு ஷூவைக் கையில் எடுத்தால், எந்தத் தையல் எந்த மெஷினில் தவறியது என்று சொல்லிவிடும் பெண் என்று என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

முதலில் குடியாத்தம். கார் மீட்டர்படி 29 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த ஒரு லுங்கிக் கடையில் ஹன்னா தன் மூன்று சகோதரர்களுக்கு மூன்று லுங்கி வாங்கினார். ஒன்று 380 ரூபாய். மூட்டாத லுங்கி, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளம். இந்த அளவு பின்னால் தேவைப்படும்.

அங்கிருந்து வேலூர் வழியாகத் தெற்கே திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது. கணியம்பாடிக்கு முன்னால் சாலையோரம் ஒரு பம்புசெட்டில் நான்கு ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கோவணம், இரண்டு பேர் அதைவிடக் கொஞ்சம் அதிகம். பஸ் போனது, சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள், யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. ஹன்னா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இங்கே இப்படித்தான் குளிப்பார்களா என்று கேட்டார். ஆமாம், எல்லோரும் இப்படித்தான் என்றேன். முப்பத்து மூன்று ஆண்டு நிருபர் வேலை பார்த்தவன் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. ‘எல்லோரும்’ என்ற சொல்லை எந்தத் துணை ஆசிரியரும் அடித்திருப்பார்.

ஜெபாவின் கணவருடைய சித்தப்பா நிலம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. 12.10-க்குப் போய்ச் சேர்ந்தோம். அப்போதுதான் மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. தொட்டியில் தண்ணீர் நுரைத்து விழுந்தது. பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் மூன்று பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். குளிக்கலாமா என்று ஹன்னா கேட்டார். ஜெபா மகிழ்ச்சியோடு தலையாட்டி, மாற்றிக்கொள்ள ஒரு நைட்டியை எடுக்கக் காருக்கு வந்தார்.

இனி எழுதுவதில் நான் கண்ணால் பார்த்தது குறைவு; ஜெபாவிடமும் கொல்லையில் இருந்த கன்னியம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுவது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போன ஹன்னா, துணிகளை மடித்து ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, ஒரு நூலும் இல்லாமல் சோப்புப் பெட்டியோடு நடந்து வந்து தொட்டியில் இறங்கினார். நான் காருக்குப் பக்கத்தில் அன்வர் பாயிடம் டீசல் விலை பேசிக்கொண்டிருந்தேன். என் தோளுக்கு மேலே பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். என் இரண்டு தோள்களையும் பிடித்து அப்படியே திருப்பினார்.

“சார், இந்தப் பக்கம் மலய பாருங்க. நல்லா கீது பாருங்க.”

“என்ன மலை?”

“இன்னா மலையோ. பாத்துனே இருங்க.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்திரண்டு நிமிடம். முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்றால், ஜெபா கத்தவில்லை. ஹன்னாவிடம் எதுவும் சொல்லவும் இல்லை. காரிலிருந்த லுங்கிப் பொட்டலத்தைப் பிரித்தார். களை வெட்டிய மூவரும் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கொட்டகைச் சுவர். மற்ற மூன்று பக்கத்துக்கு மூன்று லுங்கி, பக்கத்துக்கு இரண்டு மீட்டர், பிடிக்க நான்கு பெண்கள். நால்வரும் வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். ஒருவர்கூட உள்ளே திரும்பவில்லை. மறைப்பு பிடிக்கிறவர் மறைக்கப்படுகிறவரைப் பார்க்கக் கூடாது என்பது இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தராத விஷயம்.

இரண்டாவது நிமிடத்தில் மண் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். கன்னியம்மாவின் குரல் மலையில் பட்டுத் திரும்பியது.

“இன்னாய்யா பாக்குற? உன் வூட்டாண்ட பொம்பளைங்க குளிக்கல? அங்க போய் எடு போட்டோ!”

அன்வர் பாய் அவரிடம் போய், பேஜார் பண்ணாதே என்று சொல்லி ஃபோனை வாங்கிப் பார்த்தார். எனக்கும் கொண்டுவந்து காட்டினார். எதுவும் பதிவாகியிருக்கவில்லை. வண்டி போய்விட்டது.

ஹன்னாவோ இதையெல்லாம் விருந்தாளிக்குச் செய்யும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டார். அவசரமே படவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது: “ஏம்மா, உங்க மேடம் இப்பதான் தலைக்கே போடறாங்க. கை கடுக்குது.” ஜெபா, “பொறுத்துக்கக்கா. அவங்க ஊர்ல தண்ணி இவ்ளோ இருக்காது போல” என்றார். நால்வரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. மலையைப் பார்த்தபடியே நானும் சிரித்தேன். கிளம்பும்போது ஹன்னா நால்வரையும் கும்பிட்டு, இப்படி ஒரு மரியாதை தனக்கு எங்கும் கிடைத்ததில்லை என்றார். நான் மொழிபெயர்த்தேன். கன்னியம்மா, “தண்ணி சில்லுனு இருந்துச்சான்னு கேளு” என்றார். இருந்ததாம்.

வேலூரில் ஜெபாவின் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனபோது மணி 1.50. செய்தி எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. கணவர் சாமுவேல் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஜெபா பயிற்சிக்குப் போக ஏற்கனவே ஒப்புக்கொண்டவர். மட்டன் குழம்பை எங்கள் இலையில் ஊற்றினார். பிறகு என்னிடம், “சார், ஜெபா தங்கப்போற எடத்துல குளிக்கிற ரூம் எப்டி இருக்கும்னு மேடத்த கேளுங்க” என்றார்.

ஏன் இந்தக் கேள்வி என்று ஹன்னாவுக்குப் புரியவில்லை. ஜெபா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் விளக்கினார். லுங்கி எதற்கு என்பது அப்போதுதான் ஹன்னாவுக்குத் தெரிந்தது. முகம் சிவந்து, கையிலிருந்த சோற்றை இலையில் போட்டுவிட்டார். வழியில் பார்த்த நான்கு ஆண்களைச் சொன்னார். நான் சொன்ன ‘எல்லோரும்’ என்ற பதிலையும் சொன்னார். என் பிழையை அந்த மேஜையிலேயே ஒப்புக்கொண்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: அந்த ஆண்கள் அப்படிக் குளிக்கலாம் என்றால் பெண்கள் ஏன் கூடாது? சாமுவேலின் அம்மா எஸ்தர் உள்ளிருந்து ரசம் கொண்டுவந்தபடி, “நல்லா கேளுங்கம்மா. எங்க வூட்டு ஆம்பளைங்க யாரும் இதுவரைக்கும் பதில் சொன்னதில்ல” என்றார்.

இதன் பிறகு ஹன்னா செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அவர் மழுப்பியிருக்கலாம். ஒரு தாளை வாங்கிப் படம் போட்டார். விடுதியின் பெண்கள் தளத்தில் ஒரே அறை. வரிசையாக ஆறு ஷவர். நடுவில் தடுப்புச் சுவர் உண்டு, முன்னால் கதவு கிடையாது. கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் நீராவி அறை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காருவார்கள், உடையோடு உள்ளே விடமாட்டார்கள். அதற்குப் போவது அவரவர் விருப்பம்.

“அப்ப வேணாம்” என்றார் சாமுவேல். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

எஸ்தர் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனிடம் திரும்பினார். “டேய், முப்பத்தோரு வருசம் வார்டுல ஆம்பளைங்களுக்கும் நான்தான் உடம்பு தொடச்சி உட்டேன். அந்தச் சம்பளத்துலதான் நீ பி.எட். படிச்ச. அப்ப வேணாம்னு சொன்னியா?”

“அது வேலைம்மா.”

“இது இன்னா, பிக்னிக்கா?”

சாமுவேல் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தை தனக்காகப் பேசியதில் ஜெபாவுக்கும் முழுச் சம்மதம் இல்லை என்று முகத்தில் தெரிந்தது. “ஏங்க, அத்தை சொல்றதும் வேற, என் விஷயமும் வேற. கதவில்லாம என்னால குளிக்க முடியாது. அது உங்களுக்காக இல்ல, எனக்கே முடியாது. அதுக்காகப் போகாம இருக்கவும் என்னால முடியாது” என்றார். பிறகு நேராக ஹன்னாவைப் பார்த்து, தொழிற்சாலையில் பேசும் ஆங்கிலத்தில் கேட்டார்: ஒரு ஷவருக்கு மட்டும் திரை போடலாமா?

பன்னிரண்டு ஆண்டாக மாணவிகள் வருகிறார்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் ஹன்னா.

“யாரும் கேக்கல, அவ்ளோதானே? நான் கேக்கறேன்” என்றார் ஜெபா. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, விடுதி விண்ணப்பத்தில் தனித் தேவைகள் என்ற இடத்தில் எழுதினார். எதிரில் உட்கார்ந்து சாமுவேல் எழுத்துப்பிழை பார்த்தார். அதுதான் அவருடைய சம்மதம் என்று புரிந்துகொண்டோம். ஆம்பூருக்குத் திரும்பும்போது, பள்ளிகொண்டா தாண்டியதும் ஹன்னா ஒன்று சொன்னார்: அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம், என் குளியலைக் கெடுக்கக்கூட இல்லை.

பல நாடுகளுக்குப் போய் எழுதியிருக்கிறேன். உடல் பற்றிய வழக்கங்களில் எது உசத்தி என்று தீர்ப்பெழுத எனக்கு ஆசை இல்லை. பம்புசெட்டில் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் இருக்கும்வரை நாம் உசத்தி என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கூலி நேரத்தை விட்டுவிட்டு வந்து, கை கடுக்க வெளியே பார்த்து நின்ற மூன்று பேரும், தனக்கு வேண்டியதை வெட்கப்படாமல் எழுதிக் கேட்ட ஒரு பெண்ணும் நான் பிறந்த மாவட்டத்துக்காரர்கள். அதில் எனக்குப் பெருமைதான். குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஆம்பூரில் பிரியாணி பதினொரு மணிக்குத் தயாராகிவிடும். ஞாயிறு ஒன்றரைக்கு மேல் கிடைப்பது சந்தேகம். தொழிற்சாலைகளைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். பம்புசெட்டில் குளிக்க உரிமையாளரைக் கேளுங்கள், மின்சாரம் எப்போது வரும் என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டுப் பெண் விருந்தாளிக்குப் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டும் முறையையோ, நைட்டியோடு குளிப்பதையோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொது இடத்தில் உடையில்லாமல் இருப்பது இங்கே சட்டச் சிக்கலும் ஆகும். அங்கே போகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான எச்சரிக்கை. சென்ற ஆண்டு ஜெபாவின் தொழிற்சாலையிலிருந்து போன ஒருவர் நீச்சல் குளத்தில் சுடிதாருக்கு மேல் நைட்டியும் போட்டு இறங்கியிருக்கிறார். காவலர் விசில் ஊதி, குளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். குளத்துக்கு நீச்சல் உடை, நீராவி அறைக்கு எதுவும் இல்லை என்பதுதான் அங்கே பல இடங்களில் விதி. வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள். பிடிக்காவிட்டால் போக வேண்டாம்; யாரும் தவறாக நினைப்பதில்லை என்று ஹன்னா உறுதியாகச் சொல்கிறார். தங்கும் இடத்தின் குளியலறை எப்படி என்பதை மட்டும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விசா முடிவுக்குப் பதினைந்து வேலை நாள் ஆகலாம் என்று ஜெபாவிடம் சொல்லியிருக்கிறார்கள். விடுதியிலிருந்து நேற்று பதில் வந்தது: திரை போட்டுக்கொள்ளலாம், கம்பியை அவர்களே மாட்டித் தருவார்கள். துணியை இங்கிருந்தே எடுத்துப் போவதாக ஜெபா எழுதிவிட்டார். அந்த ஷவர் வாசலின் அகலமும் உயரமும் இன்னும் வரவில்லை. ஹன்னா ஊர் திரும்பிவிட்டார்; சனிக்கிழமை விடுதிக்குப் போய் அளந்து அனுப்புகிறாராம். மில்லிமீட்டரில் வேண்டும் என்று ஜெபா கேட்டிருக்கிறார்.