என் மகள் ஓட்டிய பஸ்

இன்று காலை நாகலூரிலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். ஓட்டியவள் என் மகள். வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது நாள்.

மூன்று பள்ளிக்கூடம் மாறியவள். பதினைந்து வயதில் அப்பாவின் ஜீப்பைச் சொல்லாமல் எடுத்துப்போய் எஸ்டேட் வேலியில் மோதியவள். அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்காத ஆளே இந்த மலையில் இல்லை.

வழியில் குறுகலான ஒரு வளைவில் எதிரே லாரி வந்து நின்றது. லாரிக்காரர் கத்தினார். என் மகள் பழைய ஆளாகவே இருந்திருந்தால் இறங்கிச் சண்டைக்குப் போயிருப்பாள்.

"இருங்கண்ணா, நானே ஒதுங்கிக்கறேன்" என்றாள். அலுங்காமல் பஸ்ஸைப் பின்னால் எடுத்து வழிவிட்டாள்.

பக்கத்து சீட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, யாரூட்டுப் புள்ளைங்க இது? நொம்ப நிதானமா ஓட்டுதே."

"எங்கூட்டுப் புள்ளைங்க" என்றேன். நான் சொன்ன சத்தத்தில் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, சும்மா உக்காரும்மா." அவள் திரும்பாமலே சொன்னாள். கண்ணாடியில் சிரிப்பு தெரிந்தது.

உண்மையில் ஏற்காட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதே பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன்.

நாளைக்கும் போக ஒரு காரணம் வேண்டும். ஏற்காட்டில் யாருக்காவது ஏதாவது வாங்க வேண்டியிருக்கிறதா? கூச்சப்படாமல் சொல்லுங்கள்.