ரேகை விழாத கட்டைவிரல்

எங்கம்மாவின் கட்டைவிரலில் ரேகை கிடையாது. பிறவியிலேயே அப்படி இல்லை. பதினாறு வயதிலிருந்து கம்பி மத்தாப்பு போடுகிற கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பிகளைக் கட்டாகப் பிடித்து மருந்துக் குழம்பில் முக்கி எடுக்கிற வேலை. அலுமினியப் பவுடர் கலந்த குழம்பு அது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி பூசிக்கொண்டு வந்து நிற்பாள். மற்ற பொம்பளைகள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். எங்கம்மாவுக்கு அது போதாது. "பிள்ளைகளுக்குச் சோறு பிசையிற கை" என்று சொல்லிக்கொண்டே, மண்ணெண்ணெய் தொட்டு, செங்கல் பொடி போட்டு, தேய் தேய் என்று தேய்ப்பாள். வருஷக்கணக்காகத் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. எங்களுக்குச் சோறு ஊட்டத்தான் அப்படித் தேய்த்தாள். அதுவே எங்களுக்கு வினையாக வந்து முடிந்தது.

இதை நான் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல, டீச்சர் வேலை பார்க்கிற என் மகள் எழுதுகிறாள். என் பேச்சைத் தன்னுடைய தமிழில் திருத்திக்கொள்கிறாள், அது அவள் இஷ்டம். நடுநடுவே "இது வேண்டாமேம்மா" என்கிறாள். "எழுதுடி" என்கிறேன். நான் ஏன் என் கையால் எழுதுவதில்லை என்பதும் இதில் வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு இரண்டரை. அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் இருந்தார். அந்த ரூம் வெடித்ததில் அதோடு போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா வேலைக்குப் போய்விட்டால் தங்கச்சியைப் பார்ப்பது நான்தான். ஆமத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டே போவேன். வகுப்பில் அவள் அழுதால் என்னையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள். எரிச்சல் எரிச்சலாக வரும். இந்தச் சனியன் இல்லாவிட்டால் நான் நிம்மதியாகப் படிப்பேனே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். வாய்விட்டே சொல்லியும் இருக்கிறேன். இந்த இடத்தில்தான் மகள் முதல் தடவையாக "வேண்டாமேம்மா" என்றாள்.

எங்கள் ஊரில் ஆள் சேர்த்துக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவரை ஏஜெண்டு மாமா என்போம். எந்த வீட்டில் என்ன கஷ்டம், எந்த வீட்டில் ஆம்பளை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் விருதுநகரிலிருந்து ஒரு மேடத்தைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் விடுதி நடத்துகிறவர் என்றார். "வெடி விபத்துல போனவுக பிள்ளைகளுக்குன்னே நடத்துறாக, தாயி. மூணு வேளைச் சோறு, இங்கிலீஸ் படிப்பு. தீவாளி பொங்கலுக்கு நீ போய்ப் பாத்துக்கிறலாம். பத்து வயசானதும் கையோட கூட்டியாந்துரலாம். அம்புட்டுத்தான்" என்றார். மேடம் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். சந்தையில் கன்றுக்குட்டியை அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, "பெரிய பிள்ளைக்கு இடமில்லை" என்றார். எனக்குப் பொறாமையில் அழுகையே வந்துவிட்டது. மூன்று வேளைச் சோறு அவளுக்கு மட்டுமா என்று இருந்தது.

அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் சரி என்றாள். காகிதத்தைப் பாயில் விரித்தார்கள். முழுக்க இங்கிலீஷ். மசிப் பட்டையில் அம்மாவின் கட்டைவிரலை அழுத்தி வைத்தார் ஏஜெண்டு மாமா. மசி ஈஷினாற்போல் கறுப்பாக ஒரு அப்பல்தான் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், மறுபடியும் அப்பல். மூன்றாவது தடவையும் அதேதான். "இது செல்லாது தாயி, ரேகையே விழல. கோர்ட்டுல ஒத்துக்கிற மாட்டாக" என்றார். விடுதியில் சேர்ப்பதற்குக் கோர்ட்டு எதற்கு என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. மேடம் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மா முகம் செத்துப் போயிற்று.

அப்போது நான் எழுந்து நின்று, "எனக்கு எழுதத் தெரியும், அம்மா பேரை நான் எழுதுறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். மேடம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பச்சை மூடி போட்ட பேனா ஒன்றை என் கையில் கொடுத்தார். அதற்கு முன்னால் நான் பேனா பிடித்ததில்லை. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, அம்மா பேரை முழுசாக எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்தேன். எங்கள் ஹெட்மாஸ்டர் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார். "பிள்ளை கெட்டிக்காரி" என்று ஏஜெண்டு மாமா என் தலையைத் தடவினார். அம்மாவுக்கும் பெருமைதான். கார் கிளம்பும்போது தங்கச்சி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள், தூக்கு என்று. நான் கையை ஆட்டி டாட்டா சொன்னேன்.

தீபாவளிக்கு அம்மா ஒரு கவுனும் ஒரு பெட்டி மத்தாப்பும் வாங்கிக்கொண்டு போனாள். தூங்குகிறாள், எழுப்பக் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பொங்கலுக்குப் போனபோது மெட்ராஸில் இருக்கிறாள் என்றார்கள். அதற்கடுத்துப் போனபோது கேட்டையே திறக்கவில்லை. "நீதான எழுதிக் குடுத்த, இப்ப வந்து அழுதா?" என்று வாட்ச்மேன் கேட்டான். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அவர்கள் விடுதிக்கு ஆள் அனுப்பி அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிவரச் செய்தார்கள். அதிகாரி ஒருத்தர் அதைத் தமிழில் சொன்னார். இந்தப் பிள்ளையை வளர்க்க எனக்கு விருப்பமில்லை, இனி உரிமை கேட்டு வர மாட்டேன், எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் சம்மதம் என்று எழுதியிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போடல சாமி, எனக்கு எழுதத் தெரியாது. இந்தா, இவதான் போட்டா" என்று என்னைக் காட்டினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படின்னா கள்ளக் கையெழுத்து. கேஸ் எழுதினா மொதல்ல இவதான் உள்ள போவா. எழுதட்டுமா?" என்றார்.

பாவி, அவர் மேடத்தைக் காப்பாற்றுவதற்குத்தான் அப்படிக் கேட்டார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அம்மாவுக்கு அது தெரியாது. ஒரு பிள்ளையைக் கேட்டு வந்த இடத்தில் இன்னொரு பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நடுங்கிவிட்டாள். என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "இல்ல சாமி, நாந்தான் போட்டேன்" என்றாள். சாகிற வரைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னாள். பிள்ளையை வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தவள் என்று ஊரே காறித் துப்பியது.

அடுத்த திங்கட்கிழமை அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. கம்பெனி பஸ்ஸில் தன் பக்கத்தில் உட்கார்த்திக் கூட்டிக்கொண்டு போனாள். எழுதத் தெரிந்த பிள்ளையைத்தானே ஜெயிலில் போடுவார்கள், எழுத்தே தெரியாதவளாக ஆக்கிவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும் என்பது அவள் கணக்கு. "எவன் கேட்டாலும் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு சொல்லு, என்ன?" என்றாள். தலையாட்டினேன். அன்றைக்குக் கம்பியைப் பிடித்தவள்தான். என் மகள் பத்தாவது படிக்கும்போது அவள் ரேங்க் கார்டில்கூட நான் கைநாட்டுத்தான் வைத்தேன்.

வருஷா வருஷம் ஆடி வெள்ளிக்கு அம்மா இருக்கன்குடிக்கு நடந்தே போவாள். மாரியாத்தாளைப் பார்க்கிற நேரத்தைவிடக் கூட்டத்தில் வருகிற பிள்ளைகளைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். முதலில் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்தாள், பிறகு பத்து வயதுப் பிள்ளைகளை, அப்புறம் கல்யாணமான பெண்களை. நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையாகி, நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அந்த மேடம் அவளுக்கு முன்னாலேயே மாலை மரியாதையோடு போய்விட்டார். விடுதி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். நானே அங்கே போய் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன், அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல.

போன வருஷம் தங்கச்சி வந்தாள். பஞ்சாயத்து ஆபீசுக்குக் கடிதம் எழுதி எங்களைக் கண்டுபிடித்திருந்தாள். ஐரோப்பாவில் ஏதோ குளிர் நாட்டில் இருக்கிறாள். எங்கம்மா ஜாடை அப்படியே. நடைகூட அம்மா நடைதான், ஆனால் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. என் மகள்தான் நடுவில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசினாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைக் குலுக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அம்மாவேதானா?"

"ஆமா, அம்மாதான் போட்டுச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஆச்சி, எங்கம்மா, கைநாட்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நான் சொன்னதை அப்படியே சொன்னாள். தங்கச்சி மெதுவாகத் தலையாட்டிவிட்டு, இடது கைச் சட்டையை மேலே ஏற்றிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், பச்சை குத்தியிருந்தது. முதல் எழுத்து பெரிதாக, எங்கம்மா பேர். கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி.

பெற்றவளிடமிருந்து தனக்கு வந்த ஒரே பொருள் அந்தக் கையெழுத்துதான் என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அது ஒரு சின்னப் பிள்ளையின் எழுத்து என்பதும் தெரியவில்லை. இவ்வளவு அழகாக, கை நடுங்காமல் எழுதியிருக்கிறாளே, நிம்மதியாகத்தானே என்னை எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்து நினைத்து வெந்திருக்கிறாள். மறுநாள் கண்மாய்க்கரையில் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போகலாமா என்று மகள் கேட்டதற்கு, முடியாது என்றாள். "அவங்களுக்கு நான் வேண்டாம், எனக்கும் அவங்க வேண்டாம்." மூன்றாவது நாள் ஊருக்குக் கிளம்பக் கார் வந்து நின்றது.

நாற்பது வருஷத்துக்கு மேலே எனக்காக அம்மா பழியைச் சுமந்தாள், மண்ணுக்குள்ளே போயும் சுமக்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சீ, நானும் ஒரு பிள்ளையா என்று இருந்தது. மகளிடமிருந்து பேனாவைப் பிடுங்கினேன். கீழே கிடந்த மத்தாப்புப் பெட்டி அட்டையைத் திருப்பிப் போட்டு, தரையில் உட்கார்ந்து அம்மா பேரை எழுதினேன். கை கோணிக்கொண்டு போனது, ஆனாலும் மறக்கவில்லை. கோடு இழுத்தேன். இரண்டு புள்ளி வைத்தேன். அட்டையை அவள் மடியில் வைத்தேன். மகள் மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

தங்கச்சி அட்டையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள், அம்மாவின் விரலை, ஸ்டேஷனில் நடந்ததை, பஸ்ஸை. கேட்டு முடித்துவிட்டு, "அப்ப உனக்கு எத்தனை வயசு?" என்றாள். ஒன்பது என்றேன். சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு என் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனாள். நான் எழுந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அங்கே போய்த் தலையைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டாள் என்று மகள் வந்து சொன்னாள். அங்கிருந்தே காரில் ஏறிப் போய்விட்டாள். என் மகளுக்கு எப்போதாவது போட்டோ அனுப்புகிறாள். என்னை விசாரித்து ஒரு வரி இதுவரைக்கும் வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை மன்னிக்க முடியாதா என்று சில நாள் ஆத்திரம் வரும். அந்தப் பிள்ளை, அவள் வந்த முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாளோ என்னவோ.

போன வாரம் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். மிஷினில் கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்குத்தான் எரிகிறது. துடைத்து வை என்றார்கள், வைத்தேன். மற்ற விரலை வை என்றார்கள், அதுவும் இல்லை. என் கையும் வழுவழுவென்றுதான் இருக்கிறது, நானும் பிள்ளைக்குச் சோறு ஊட்டியவள்தானே. "மிஷின் எடுக்கலக்கா. நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு அரிசிய வாங்கிக்கோங்க. கையெழுத்துப் போடத் தெரியும்ல?" என்று பேனாவை நீட்டினார் கடைக்காரர்.

"தெரியாதுய்யா" என்றேன்.

மசிப் பட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அழுத்தி வைத்தேன். நோட்டில் கறுப்பாக ஒரு அப்பல் விழுந்தது, ரேகை ஒன்றும் இல்லை. அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இது போதும்க்கா" என்றார்.