ஏரிக்குள் போன சமையலறை

மூன்று குடும்பங்களை ஏரியில் மூழ்கடிக்க எனக்கு இரண்டு நொடி ஆனது. அதிலும் ஒன்றரை நொடி மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றியதில் போயிற்று.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் குடோனுக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். தெரு, வீடு, கால்வாய், ஏரி என்று யார் எதைக் கேட்டாலும் கணினியில் வரைபடமாக வரைந்து கொடுப்பது தொழில். பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். முன்பெல்லாம் படம் என் கணினிக்குள் மட்டும் இருக்கும். தப்புப் பண்ணினால் எனக்கும் அதற்கும் மட்டும் தெரியும், இரண்டு பேருமே வெளியே சொல்ல மாட்டோம். இப்போது எல்லாம் பிரவுசரில். நான் ஒரு கோட்டை அசைத்தால் எதிர் மேஜைக்காரர் திரையிலும் அது அசைகிறது.

போன மாதம் அதில் புது வசதிகள் வந்தன. கோட்டை இழுத்துக்கொண்டு போனால் பக்கத்திலிருக்கும் மூலையில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். இத்தனை மீட்டர் என்று எண்ணைத் தட்டினால் கோடு அந்த நீளத்தில் நிற்கும். களத்தில் நின்றபடி கைபேசியிலேயே திருத்தலாம், ஆதாரத்துக்கு ஒரு போட்டோவும் சேர்க்கலாம். பயிற்சி வகுப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசி வரிசையில் ஏசி நன்றாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருக்களின் வீட்டுப் பட்டியல் போயாக வேண்டும். குடிநீர்க் குழாய் இணைப்புக்கான பட்டியல். ஏரியின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கும் வீடுகள் தானாக அதில் ஏறும். கோட்டுக்குள் இருந்தால் ஏறாது. கோட்டைத் தொட்டால்கூட ஏறாது.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து டீ கொண்டுவரும் அம்மாவின் வீடு அந்தத் தெருவில்தான். அவருக்கு என் வயதுதான் இருக்கும். விடிந்தால் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். மதியம் டம்ளர் எடுக்க வந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"சார், எங்க ஊடு அதுல கீதா?"

"இல்லாம எங்க போவும்?" என்று பெரிதாக்கிக் காட்டினேன்.

"தோ, அந்தத் தகர ஷீட்டு எங்களுது."

ஏரியின் கோடு கரையோரமாக நேராக வந்து, அவர் வீட்டருகே மட்டும் முழங்கையை மடக்கியதுபோல் வீட்டுப் பக்கமாக வளைந்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. வீட்டுக்காரரே நின்று பார்க்கிறார், கொஞ்சம் தலைவாரி விடுவோம் என்று அந்த முனையைப் பிடித்து இழுத்தேன். புது வசதி கடமையில் கண்ணாக இருந்தது. கோடு என் கையை உதறிவிட்டுப் பாய்ந்து, தெருவில் மூன்றாவது வீட்டின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று வீடும் நீலமாயின.

"இன்னா சார், தண்ணி வந்துட்ச்சா?" என்றார் அவர்.

அந்த நொடியில் 'அன்டூ'வை அமுக்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பதறினால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். டிவியானாலும் மிக்சியானாலும் அணைத்துப் போடுவது. பிரவுசரை மூடித் திறந்தேன். அது என் திருத்தத்தைப் பத்திரமாகச் சேமித்துவிட்டு, திரும்பிப் போகும் வழியை மட்டும் மறந்துவிட்டு வந்து நின்றது.

எங்கள் குழுத் தலைவி கோயம்புத்தூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரிடம் போய், "மேடம், மூணு வீட்டை மூழ்கடிச்சுட்டேன்" என்று சரணடைந்தேன்.

"உக்காருங்க சார். காலைல இருந்த கோடு திருத்த வரலாறுல இருக்குதுங்க. எடுத்து வெச்சுடலாம்."

எடுத்து வைத்தார். இரண்டு வீடு கரையேறின. மூன்றாவது ஏறவில்லை. பழைய கோட்டின் முழங்கை அந்தத் தகர ஷீட்டு வீட்டின் சமையலறைச் சுவரை உரசிக்கொண்டு நின்றது.

"இது காலையிலயும் தொட்டுட்டுதானுங்க இருந்திருக்கு. உங்க தப்பு இல்லீங்க சார். ஆனா லிஸ்ட்ல வராது."

என் தப்பு இல்லை என்று கேட்டதும் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் போனேன். அந்த அம்மா தட்டில் டம்ளர்களோடு அங்கேயே நின்றிருந்தார்.

"அப்போ எங்களுக்கு மட்டும் குழா இல்லியா சார்?"

கோட்டை மாற்ற வேண்டுமென்றால் எல்லைக் கல்லை நேரில் பார்த்து, அங்கேயே எடுத்த படத்தைச் சேர்க்க வேண்டும். மணி இரண்டேகால். "அஞ்சு மணிக்குள்ள அந்தக் கல்லைக் கண்ணால பாத்துட்டுதான் மறுவேலை" என்று வசனம் பேசிவிட்டுப் படியிறங்கினேன். கண்ணாடியை எடுக்க மறுபடி மேலேறி வந்தபோது யாரும் சிரிக்காமல் இருந்தது பெரிய உதவி.

அந்த அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வானகரம் சாலையில் ஸ்கூட்டரை விரட்டினேன். ஸ்கூட்டர் ஏறியதும் சாராக இருந்த நான் அண்ணனாகிவிட்டேன்.

"மெதுவா போண்ணா. இந்த லிஸ்ட்ல ஏறதுக்கு மின்ன ஆஸ்பத்திரி லிஸ்ட்ல ஏறிடப்போறோம்."

வீட்டில் அவர் கணவர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஆபீஸ்லேர்ந்து ஊடு வரிக்கும் வண்டியா? நம்ம கம்பெனில பஸ்ஸே கெடையாது."

"பேச்ச உடு. ஏரி எல்லக் கல்லு எங்க கீது?" என்றார் மனைவி.

அவர் சமையலறைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே இருந்தது துணி தோய்க்கிற கல். மேலே ஈர லுங்கி. பக்கவாட்டில் சோப்புக் கறையைத் தேய்த்துப் பார்த்தால், சர்வே போட்ட அம்புக்குறி.

கைபேசியை அதன் மேல் வைத்தேன். திரையில் இடம் காட்டும் புள்ளி அந்த முழங்கை மடிப்பிலேயே போய் உட்கார்ந்தது. வரைபடம் பொய் சொல்லவில்லை. இந்தக் கல்லைப் படமெடுத்து அனுப்பினால், அவர்கள் குழாய்க்கு நானே மூடி போட்டதாக ஆகும். நல்லவேளை, கல்லை அணைத்துப் போட முடியாது. அதனால் யோசிக்க வேண்டியதாயிற்று.

கரையோரமாகப் பார்த்தேன். இடப்பக்கம் தூரத்தில் ஒரு கல், வலப்பக்கம் ஒரு கல். இரண்டும் கரையை ஒட்டி நின்றன. இது மட்டும் ஏன் சமையலறை வரை வந்தது?

"கல்லு நடந்து வருமாப்பா?" என்றேன்.

அவர் கழுத்தைச் சொறிந்தார். "அது நான்தான் நவுத்துனேன்."

"எப்ப?"

"ஊடு கட்டுன புதுசுல. தோய்க்கக் கல்லு இல்ல, கல்லு இல்லன்னு இவ கத்திகினே இருந்தா. அது கரையோரமா சும்மா நின்னுகினு இருந்திச்சு."

"நான் கல்லு கேட்டேன்யா. ஏரியக் கேட்டனா?" என்றார் மனைவி.

அப்புறம்தான் அந்த ஏரியை அளந்தவரும் வந்திருக்க வேண்டும். கல் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். கணவர் நகர்த்தியது கல்லை, நான் நகர்த்தியது கோட்டை. ஒரே வித்தியாசம், அவர் நகர்த்தியது பயன்பட்டது.

குழுத் தலைவிக்குப் போன் போட்டேன். கல்லை முதலில் நட்ட காலத்துப் பழைய அளவுப் படத்தைத் தேடி எடுத்துச் சொன்னார். "இடப்பக்கக் கல்லுல இருந்து நாப்பத்தோரு மீட்டருங்க சார். அந்த நீளத்தைத் தட்டுற வசதியில போட்டுப் பாருங்க. வகுப்புல சொன்னாங்களே."

சொன்னார்களாம். தட்டினேன். கோடு வலப்பக்கக் கல்லை நோக்கி நேராக நீண்டு ஒரு முள்மரப் புதருக்குள் நின்றது. ஆனால் கைபேசியின் புள்ளி நாலு மீட்டர் இப்படியும் அப்படியும் ஆடும், அதை நம்பித் தோண்ட முடியாது. வண்டியில் டேப் இருந்தது, முப்பது மீட்டர் டேப். முப்பதில் ஒரு குச்சி நட்டு, மேற்கொண்டு பதினொன்று அளந்தோம். அந்த அம்மா ஒரு முனை, நான் முள்ளுக்குள் மறுமுனை.

கடப்பாரையோடு வந்த கணவர், "அன்னிக்கு நவுத்தசொல்ல கல்லு முழுசா வர்ல அண்ணாத்தே. அடி ஒடஞ்சி மண்ணுக்குள்ளயே நின்னுக்கிச்சு" என்றார்.

"இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றார் மனைவி.

முதல் குழியில் ஒரு பீங்கான் துண்டு. இரண்டாவதில் எறும்பு. மூன்றாவதில் 'ணங்' என்றது. மண்ணைக் கையால் விலக்கினோம். சாய்வாக உடைந்த கல்லின் அடி, நட்ட இடத்திலேயே இருந்தது. தோய்க்கிற கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடியில் அதே சாய்வு. இரண்டையும் படமெடுத்தேன்.

மணி நாலு. கட்டைவிரலால் அந்த முனையைப் பிடித்து, ஒட்டும் வசதியை முதலில் அணைத்துவிட்டு, அடிக்கல் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். முழங்கை நிமிர்ந்தது. வீடு முழுசாக வெளியே வந்தது. ஆனால் கரைப்பக்கம் இருந்த கோழிக்கூடு கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஒரு விரல் நுனி தள்ளினால் கோழிகளும் பிழைக்கும். மதியம் அழகுக்காகத் தள்ளிய அதே விரல்தான். தள்ளவில்லை.

"கோழிக்கூடு ஏரியில போவுதும்மா. அத்த எடுத்துடணும்" என்றேன்.

"எடுத்துக்கலாம். கோழிக்கு எதுக்குண்ணா குழா?"

சேமிக்கும் முன் 'திருத்தக் காரணம்' என்று ஒரு பெட்டி கேட்டது. அதுவும் புது வசதிதான், காலியாக விட்டால் மேலே போகாது. கல் இடம் மாறியது, அடி கிடைத்தது, மதியம் நான் கோட்டைத் தவறாக இழுத்தது, எல்லாவற்றையும் எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்து, "நம்ம மேட்டரையும் எழுதிட்டியா?" என்றார். "என் மேட்டருக்குக் கீழதான் எழுதியிருக்கேன்" என்றேன்.

நாலே முக்காலுக்குத் தலைவி ஒப்புதல் கொடுத்தார்.

"ஒருவாட்டி மூடித் தொறண்ணா. நெஜமா கீதான்னு பாப்போம்" என்றார் அந்த அம்மா.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரே மண் ஒட்டிய விரலால் திரையை மேலிருந்து கீழே இழுத்தார். வட்டம் சுற்றியது. முதலில் நீலம் வந்தது. அப்புறம் கோடு. அப்புறம், கோட்டுக்கு இந்தப் பக்கம், தகர ஷீட்டு.

"கீது" என்றார்.

ஐந்து மணிக்குப் பட்டியல் போய்விட்டதாகத் தலைவியிடமிருந்து செய்தி வந்தது. கல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று நான் சொன்னேன். முறையாக நட ஆள் வரும்வரை அது அங்கே கிடக்கட்டும். கணவர் கடப்பாரையைத் தூக்கினார்.

"எடுத்துகினு போங்க, வாணாங்கல" என்றார் அந்த அம்மா, முந்தானையைச் செருகிக்கொண்டு. "ஒரு பக்கெட்டு துணி ஊறுது. அத்த முடிச்சிக்கிறேன்."

நானும் அவர் கணவரும் கரைமேல் உட்கார்ந்து, அவர் தோய்த்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.