மௌன வாசகர்

புத்தூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் பெங்களூரா மாமரம் பதினொன்று. அதுதான் எங்கள் பிழைப்பு. ஒன்றின் அடிமரத்தில் பிசின் வழிந்து, கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தது. மற்ற மரங்களுக்கும் பரவிவிடுமோ என்று போட்டோ எடுத்துக்கொண்டு இணையத்தில் ஒரு விவசாய மன்றத்தில் சேர்ந்தேன். சேர்ந்ததும் ஒரு பக்கம் வந்து நின்றது: ‘புதியவர்களுக்கான சொற்கள்’. திரி என்றால் ஒரு கேள்வியும் அதன் பதில்களும். மட்டுறுத்துநர் என்றால் மன்றத்தை மேய்க்கிறவர். மரம் சாகும்போது அகராதி எவனுக்கு வேண்டும்? தள்ளிவிட்டுக் கேள்வியைப் போட்டேன்.

ஒரு நாய்கூடப் பதில் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் எந்த ஆபீசில் காரியம் ஆகவேண்டும் என்றாலும் தினமும் போய் முகம் காட்டவேண்டும். அந்தப் பழக்கத்தில் தினம் காலையில், “நமஸ்காரம் சார், நம்ம விஷயம் இன்னா ஆச்சு?” என்று எழுதினேன். ஐந்தாம் நாள் மட்டுறுத்துநர் வந்தார். “தினமும் எழுதித் திரியை வீணாகப் பட்டியலின் மேலே கொண்டுவரக் கூடாது. சொற்கள் பக்கத்தைப் படிக்கவும்.” மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மகராசனுக்கு!

“மரம் சாவுது, உனுக்கு அகராதி கேக்குதா?” என்று போட்டேன். திரியைப் பூட்டினார். எனக்கு ஒரு மாதம் தடை. படிக்கலாம், எழுத முடியாது.

மரம் பட்டுப்போனது. பக்கத்து மரத்திலும் பிசின். ரேணிகுண்டாவில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தவரிடம் ஓடிப்போய்ப் போட்டோவைக் காட்டினேன். சிரித்தார்.

“இத்த மன்றத்துலயே பாத்தன் நைனா. தண்டு துளைக்கிற புழு. ஓட்டையத் தேடி, கம்பி வுட்டுப் புழுவ எடுத்துட்டு, மருந்துல நனைச்ச பஞ்ச வெச்சிக் களிமண்ணு பூசு.”

“தெரிஞ்சிக்கினே ஏன்யா சொல்லல?”

“நான் எழுதமாட்டம்பா. சும்மா பாத்துக்கினு போவன். மௌன வாசகர்னு அந்தச் சொற்கள் பக்கத்துலயே போட்டுக்கீறாங்களே, அது நானு.”

“உன் மௌனத்துல இடி வுழ!” என்று கத்திவிட்டு பஸ் ஏறினேன். அவர் சொன்னபடி செய்ததில் இரண்டாவது மரம் பிழைத்தது.

அடுத்த வாரம் மன்றத்தில் தடா ஊர்க்காரர் ஒருவர் புதிதாகக் கேட்டிருந்தார். வீட்டு வாசலில் ஒரே ஒரு மாமரம். அதே பிசின், அதே தூள். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், தடை தீராததால் எழுத முடியாது. மூன்று நாள் அந்த மட்டுறுத்துநரைத் திட்டித் தீர்ப்பதிலேயே போனது. நாலாம் நாள்தான் மனைவியின் போன் நினைவுக்கு வந்தது. தூ, என் புத்தி!

அவள் பெயரில் சேர்ந்தேன். அதே சொற்கள் பக்கம் வந்தது. ‘படித்துவிட்டேன்’ என்று அழுத்திவிட்டு, புழு, கம்பி, பஞ்சு, களிமண் எல்லாம் விவரமாக எழுதினேன்.

அரை மணியில் தடாக்காரர் பதில் போட்டார்.

“ரொம்ப நன்றிம்மா. நேத்துதான் வெட்டினோம்.”